புரண்டு படுப்பவர்களுக்கு ஏற்ற மெத்தை: மண்டபத்து வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் நெருக்க, நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மண்டபத்து நிலத்தில்தான் எங்கள் வீடு இருக்கிறது. இந்த வீட்டில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். அதற்குள் நான்கு மெத்தைகளைப் பார்த்துவிட்டோம். இலவம் பஞ்சு, ஸ்பிரிங், மெமரி ஃபோம் என்று மூன்றைக் கடந்து, இப்போது அடியில் தேங்காய் நாரும் மேலே லேடெக்ஸ் எனப்படும் ரப்பர் பால் நுரையும் கொண்ட மெத்தையில் பதினான்கு மாதங்களாகப் படுக்கிறோம். என்னைப் போல இரவு முழுவதும் புரண்டு படுக்கும் பழக்கம் உள்ளவர்கள் மெத்தை வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதை, இந்த நான்காவது மெத்தையை மதிப்பிடும் சாக்கில் எழுதுகிறேன்.

கடையில் மெத்தை பார்ப்பவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், கையால் அமுக்கிப் பார்ப்பார்கள், மிஞ்சிப்போனால் மல்லாந்து படுத்து இரண்டு நிமிடம் கண்ணை மூடிப் பார்ப்பார்கள். ஒரே நிலையில் தூங்கி அதே நிலையில் விழிப்பவர்களுக்கு அது போதும். புரண்டு படுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: தோளும் இடுப்பும் ஓரிடத்தை விட்டு நகரும்போது, அந்த இடம் எவ்வளவு விரைவில் நிமிர்கிறது என்பது. நிமிராத மெத்தையில் ஒவ்வொரு முறை புரளும்போதும் ஒரு சிறு பள்ளத்திலிருந்து ஏறி வெளியே வர வேண்டியிருக்கிறது. அந்த முயற்சிதான் தூக்கத்தைக் கலைக்கிறது. புரள்வதே நோய் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஓரிடத்தில் அழுத்தம் நீடித்தால் உடம்பு தானாக இடம் மாறிக்கொள்ளும். எல்லோரும் ஓர் இரவில் பலமுறை அசைகிறோம், சிலர் சற்றுக் கூடுதலாக அசைகிறோம், அவ்வளவுதான்.

என் பழக்கத்தைச் சொன்னால் மேற்கொண்டு எழுதுவது விளங்கும். இடப்பக்கமாக ஒருக்களித்துத் தூங்கத் தொடங்குவேன், நடுச்சாமத்தில் மல்லாந்திருப்பேன், விடியற்காலையில் பெரும்பாலும் குப்புறக் கிடப்பேன். இந்த மூன்று நிலைகளும் மெத்தையிடம் மூன்று விதமான வேலையைக் கேட்கின்றன. ஒருக்களித்துப் படுக்கும்போது உடம்பின் பாரம் தோள்முனையிலும் இடுப்பெலும்பிலும் குவிவதால் அந்த இரண்டு இடங்களும் கொஞ்சம் அமுங்க வேண்டும், இல்லாவிட்டால் கை மரத்துப்போகும். மல்லாந்து படுக்கும்போது இடுப்பு வளைவுக்கும் மெத்தைக்கும் இடையே வெற்றிடம் விழாமல் அது ஏந்திக்கொள்ள வேண்டும். குப்புறப் படுக்கும்போது வயிற்றுப் பகுதி தாழ்ந்துவிட்டால் கீழ்முதுகு வில்லாக வளைந்து, காலையில் குனிந்து கோலம் போட முடியாது. ஆகவே மிக மென்மையானதும் உதவாது, பலகை போன்றதும் உதவாது.

முதுகு வலிக்குக் கெட்டியான படுக்கைதான் மருந்து என்று எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். 2003ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்றில், நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டியான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டியுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. கடைக்காரர்கள் 'மீடியம் ஃபர்ம்' என்று சொல்வது இந்த நடுத்தரத்தைத்தான். புரண்டு படுப்பவர்களுக்கும் அதுவே பொருந்துகிறது என்பது என் அனுபவம்.

முதல் மெத்தை, திருமணத்தின்போது அம்மா போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு வரவழைத்துத் தைத்துக் கொடுத்தது. அதன் குளிர்ச்சியை இன்றுவரை வேறெந்த மெத்தையிலும் நான் உணர்ந்ததில்லை. இலவம் பஞ்சின் இழை உள்ளே வெற்றிடம் உள்ள குழாய் போன்றது. எளிதில் தண்ணீர் ஏற்காது. அதனால்தான் ஒரு காலத்தில் கடலில் அணியும் மிதவை உடைகளுக்குள் அதை அடைத்தார்கள். ஆனால் அந்த இழைக்கு மீண்டெழும் வலு குறைவு. நான் புரளப் புரளப் பஞ்சு இரு பக்கமும் ஒதுங்கி, இரண்டு ஆண்டுகளில் நடுவில் ஒரு வாய்க்காலே உருவாகிவிட்டது. முன்பெல்லாம் வில்லுடன் வீட்டுக்கு வந்து பஞ்சைப் பிரித்து அடித்துத் திரும்பத் தைத்துக் கொடுப்பவர்கள் தெருவில் கூவிக்கொண்டு போவார்கள். எங்கள் தெருவில் அந்தக் குரல் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

அடுத்து வந்தது ஸ்பிரிங் மெத்தை. அது பான்னல் வகை. அதாவது சுருள்கள் எல்லாம் கம்பியால் ஒன்றோடொன்று பின்னப்பட்டவை. புரள்வதற்கு அது எளிதாகவே இருந்தது, தள்ளிவிட்டதுபோல் உடம்பு திரும்பிவிடும். ஆனால் என் கணவர் விசைப்படகில் எஞ்சின் பார்ப்பவர். கடலுக்குப் போகும் நாளில் ஒரு பகலும் ஓர் இரவும் கடலிலேயே கழியும், வீட்டில் தூங்கக் கிடைக்கும் இரவுகள் எண்ணி வைத்தவை. பின்னிய சுருள்களில் ஒரு முனையில் நான் திரும்பினால் மறுமுனையில் அவருடைய தோள் அசையும். "கடல்ல ஆடுறது பத்தாதுன்னு கட்டில்லயும் ஆடணுமா, புள்ள?" என்று ஒருநாள் காலையில் கேட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று அவருடைய கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த மெத்தையை முடித்து வைத்தது உப்புக்காற்று. நான்காம் ஆண்டில் விரிப்பை மாற்றும்போது மெத்தையின் அடித்துணியில் தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல் வட்ட வட்டமாகக் கறைகள் தெரிந்தன. விரலால் தொட்டால் செம்பொடி ஒட்டியது. சுருள்கள் துருப்பிடித்து, துரு துணிக்குள் ஊறி வெளியே வந்திருந்தது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று சோதிக்க எங்கள் மண்டபம் முகாமில் ஓர் ஆய்வு மையத்தை வைத்திருக்கிறது என்றால், இங்குள்ள காற்றின் குணத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்பும் இதே காற்றோடு போராடித்தான் தேய்ந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பைக்குள் வைக்கும் பாக்கெட் ஸ்பிரிங் மெத்தைகளில் ஒருவர் புரள்வது மற்றவருக்குத் தெரியாது என்பது உண்மை. மதுரையில் உறவினர் வீட்டில் படுத்துப் பார்த்திருக்கிறேன், புரள்பவர்களுக்கு அது நல்ல மெத்தைதான். ஆனால் உள்ளே இருப்பது கம்பிதானே என்ற நினைப்பு எனக்கு நீங்கவில்லை. கடலிலிருந்து தள்ளி, பரமக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். கரையோரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவதாக வாங்கிய மெமரி ஃபோம் மெத்தையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது இணையத்தில் வாங்குபவர்களில் பலர் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். இந்தப் பொருள் 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளரின் பணியில் உருவானது. வானூர்தி இருக்கையில் மோதலின் அதிர்ச்சியை உள்வாங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதிர்ச்சியை விழுங்க வேண்டுமானால் அமுங்கியது உடனே எழக் கூடாது. அந்தக் குணம்தான் புரண்டு படுப்பவருக்கு எதிராக நிற்கிறது. உறையைக் கழற்றி உள்ளங்கையை அழுத்தி எடுத்தால், ஐந்து விரலும் கைரேகை மேடும் அப்படியே பதிந்து நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து மெல்ல நிரம்பும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதே வேலையை முழு உடம்பின் பாரத்துக்கும் அது செய்கிறது என்பதைப் படுத்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

சென்னையிலிருந்து சுருட்டிப் பெட்டியில் வந்த அந்த மெத்தை முதல் வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தோள் இதமாக அமுங்கியது. கணவர் பக்கம் ஓர் அசைவும் போகவில்லை. அது ஏப்ரல் முதல் வாரம். 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, அவர் இரவுதோறும் வீட்டில் இருந்தார். இரண்டு பேரின் உடல் வெப்பமும் சித்திரை மாதத்துப் புழுக்கமும் சேர்ந்தபோது மெத்தையின் குணம் மாறியது. மெமரி ஃபோம் வெப்பத்தால் இளகும் பொருள். குளிரில் விறைக்கும், சூட்டில் குழையும். மின்தடை வந்து விசிறி நின்ற ஓர் இரவில் ஒருக்களித்த நிலையிலிருந்து மல்லாக்கத் திரும்ப முயன்றபோது, இடுப்பு தனக்கென்று ஒரு குழியை அமைத்துக்கொண்டு அதில் பொருந்தியிருந்தது. முழங்கையை ஊன்றி, காலை மடக்கி உந்தித்தான் வெளியே வர முடிந்தது. திரும்பிய பிறகு முதுகு படும் இடத்தில் பழைய இடுப்புக் குழி இன்னும் நிரம்பாமல் இருந்தது. அதற்குள் தூக்கம் முழுதாகக் கலைந்துவிட்டது. அன்று இரவு அப்படி நான்கு முறை.

100 இரவுகள் படுத்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்று போட்டிருந்ததை நம்பி, நாற்பதாவது இரவில் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எங்கள் பின்கோடுக்குப் பொருளைக் கொண்டுவந்து தரும் வசதி உண்டு, திரும்ப எடுத்துப் போகும் வசதி கிடையாது, மதுரைக் கிடங்கில் கொண்டுவந்து சேர்த்தால் பணம் தருவோம் என்றார்கள். சுருட்டி வந்த மெத்தை விரிந்த பிறகு இயந்திரம் இல்லாமல் மீண்டும் சுருளாது. ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு ஒரு வண்டி பிடித்து அனுப்பும் கூலியை எண்ணிப் பார்த்து, அதை மாமியாரின் அறையில் போட்டோம். அவர் ஒரே நிலையில் மல்லாந்து தூங்குபவர். அந்த மெத்தை அவருக்கு இன்றுவரை ஒத்துப்போகிறது. இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இணையத்தில் மெத்தை வாங்குபவர்கள், பணம் செலுத்துமுன் தங்கள் பின்கோடைச் சொல்லி, திரும்ப எடுக்கும் வசதி உண்டா என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது மெத்தைக்கு ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் உள்ள ஒரு கடைக்கு நேரிலேயே போனேன். கடைக்காரத் தம்பி, "டீச்சர், சும்மா படுத்துப் பாருங்க, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக" என்று சொன்னதோடு, காட்சிக்கு வைத்திருந்த மெத்தையின் பிளாஸ்டிக் உறையையும் எடுத்துவிட்டார். பிளாஸ்டிக்கோடு படுத்தால் உடம்பு வழுக்கும், மெத்தையின் இயல்பு தெரியாது. நான் படுத்ததும் வழக்கமாக வீட்டில் செய்வதை அங்கே செய்தேன்: இடப்பக்கம் பத்து நிமிடம், பிறகு கையை ஊன்றாமல் மல்லாக்க, பிறகு குப்புற, மீண்டும் இடப்பக்கம். கையை ஊன்றாமல் திரும்ப முடிகிறதா என்பதுதான் இந்தச் சோதனையின் உயிர். தூக்கத்தில் யாரும் திட்டமிட்டுக் கையை ஊன்றுவதில்லை. ஊன்ற வேண்டி வந்தால் விழித்துக்கொள்கிறோம். கடையில் ஆட்கள் பார்க்கிறார்களே என்று கூச்சப்படும் பெண்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு நண்பகலில் கூட்டமில்லாத நேரத்தில் போவது நல்லது. ஆனால் கூச்சத்துக்காக இந்தச் சோதனையை விட்டுவிட வேண்டாம்.

ஆறு மெத்தைகளில் இப்படிச் செய்தேன். முழுக்க நார் மெத்தையில் திரும்புவது எளிதாக இருந்தது, ஆனால் தோள் நொந்தது. முழுக்க லேடெக்ஸில் திரும்புவது மிக எளிது, தோளுக்கும் இதம்; விலைதான் கைக்கு எட்டவில்லை. வாங்கியது அந்த இரண்டுக்கும் நடுவிலானது: கீழே 4 அங்குலம் ரப்பர் பூசிய தேங்காய் நார், மேலே 2 அங்குலம் லேடெக்ஸ், அளவு 78க்கு 60, கொடுத்த விலை 24,500 ரூபாய். நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில் விற்கும் மெத்தையின் அடுக்குகளை நிறுவனங்கள் மாற்றிக்கொள்ளக் கூடும். பெயரைப் பார்த்து வாங்குவதைவிட அடுக்கைப் பார்த்து வாங்குவதே உங்களுக்குப் பயன்படும்.

இந்த இரண்டு பொருள்களும் எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால் அவற்றின் நடத்தையும் விளங்கிவிடும். லேடெக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பால்; கேரளத்திலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வடிப்பது. அதை நுரையாக அடித்து, அச்சில் ஊற்றி, சூட்டில் கெட்டிப்படுத்துகிறார்கள். அச்சுக்குள் சூடு சீராகப் பரவ நிறுத்தும் ஊசிகள்தான், மெத்தை முழுக்க விரல் நுழையும் துளைகளாகப் பதிகின்றன. நமக்கு அவை காற்று போகும் வழியாகப் பயன்படுகின்றன. ரப்பரின் குணம் அமுக்கிய கையை எடுத்த கணமே எழுவது. நார் மெத்தை என்பது முறுக்கேற்றிச் சுருள வைத்த தேங்காய் நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அடுக்கி அழுத்திச் சூடாக்குவது. நாருக்கு நார் இடைவெளி இருப்பதால் காற்று தாராளமாகப் போகும். இந்த வெக்கைக்கு அதைவிடப் பொருத்தமான அடித்தளம் எனக்குத் தெரியவில்லை. ரப்பர் பூசிய நார்த் தகடுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 8391 என்ற தரம் இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

லேடெக்ஸ் என்று எழுதியிருப்பதெல்லாம் முழு லேடெக்ஸ் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு மெத்தையின் உறை ஜிப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். மேலே ஒரு விரல் கனத்துக்கு லேடெக்ஸ், கீழே முழுக்கச் சாதாரண ஃபோம். செயற்கை ரப்பர் கலந்ததும் லேடெக்ஸ் என்ற பெயரில்தான் வருகிறது. ஜிப் இல்லாமல் நான்கு புறமும் தைத்து மூடிய மெத்தையானால், அடுக்குகளின் கனத்தை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எடையும் ஒரு சாட்சி சொல்லும். நல்ல லேடெக்ஸ் ஒரு கன மீட்டருக்கு 70 முதல் 80 கிலோ வரை இருக்கும். 78க்கு 60 அளவில் 6 அங்குல முழு லேடெக்ஸ் மெத்தை ஏறக்குறைய அரை கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆக 34 கிலோ அளவில் வர வேண்டும். ஒருவர் இடுப்பில் இடுக்கித் தூக்கிப்போனால் அது வேறேதோ.

இனி வீட்டில் அது நடந்துகொண்ட விதம். மாசியில் வாங்கினோம், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலம் ஒன்றும் ஒரு வாடைக் காலமும் முழுதாகப் பார்த்துவிட்டது. புரள்வதைப் பற்றிச் சொல்வதானால், நான் இரவில் எத்தனை முறை திரும்புகிறேன் என்று இப்போது எனக்குத் தெரியாது. முன்பு ஒவ்வொன்றும் தெரியும். இதைவிட ஒரு மெத்தைக்கு நான் கொடுக்கக்கூடிய பாராட்டு இல்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது இடத்தோள் மரத்துப்போவது நின்றுவிட்டது. குப்புறப் படுத்து விழிக்கும் காலைகளில் கீழ்முதுகில் ஒரு பிடிப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் எழுந்து நாலடி நடப்பதற்குள் போய்விடுகிறது. கடந்த தடைக்காலத்தில் 61 நாளும் இருவரும் இதில் தூங்கினோம். வியர்த்தது, ஆனால் மெத்தை சூட்டைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கவில்லை. புரண்டு போன இடம் சற்று நேரத்தில் ஆறியிருந்தது. கணவர் பக்கம் அசைவு போவது மெமரி ஃபோமைவிடக் கொஞ்சம் அதிகம், ஸ்பிரிங்கைவிட வெகுவாகக் குறைவு. அவர் சொன்னபடி எழுதினால், நான் திரும்புவது தெரிகிறது, ஆனால் எழுப்புவதில்லை.

குறைகளும் உண்டு, அவற்றில் சில சிறியவை அல்ல. முதல் மூன்று வாரம் ரப்பர் வாடை அடித்தது. அறையின் இரண்டு சன்னல்களையும் திறந்து வைத்தும் தலையணை வரை வந்தது. மோப்ப உணர்வு கூடியவர்களும் கர்ப்பிணிகளும் வாங்கிய உடனே படுக்காமல் சில நாள் காற்றாட விடுவது நல்லது. ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிட வேண்டும். விளிம்பில் உட்கார்ந்து செருப்பு மாட்டினால் ஓரம் சரிகிறது; கட்டில் ஓரம் வரை உருண்டு போகும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லேடெக்ஸ் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் கவிழ்த்துப் போட முடியாது, தலைமாட்டைக் கால்மாட்டாகத் திருப்பத்தான் முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்ய இரண்டு ஆள் வேண்டும். பத்தாம் மாதத்திலிருந்து கட்டிலின் கீழே கூட்டும்போது மூக்குப்பொடி நிறத்தில் நார்த்தூள் கொஞ்சம் சேருகிறது. அது நாரின் இயல்பு. ஆனால் ஆண்டுகள் போகப் போக இடுப்பு படும் இடத்தில்தான் நார் முதலில் தளரும் என்பதால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இறுக்கிப் பிடித்து நடுவில் எவ்வளவு பள்ளம் என்று அளந்து வருகிறேன். பதினான்காம் மாதத்தில் கால் அங்குலம். வாரண்டி அட்டையில் ஒரு அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழுந்தால்தான் குறை என்று ஏற்பார்கள் என்று போட்டிருக்கிறது. அட்டையில் அந்த அளவு எவ்வளவு என்று வாங்கும் அன்றே படித்துவிடுங்கள்.

பராமரிப்பில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் உச்சி வெயிலில் காயப் போட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். லேடெக்ஸுக்கு நேர் வெயில் ஆகாது. வெயில் பட்டால் ரப்பர் நொறுங்கத் தொடங்கும், தலை எண்ணெய் ஊறினாலும் அப்படியே. அதனால் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, விசிறிக் காற்றில் அரை நாள் விடுகிறோம். வாடைக் காலத்தில் இது மிகவும் தேவைப்படுகிறது. காற்றில் வரும் உப்பு துணியில் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். விரிப்பைத் தொட்டாலே பிசுபிசுக்கும். முழுப் பலகை அடித்த கட்டிலில் மெத்தையின் அடிப்புறம் மூச்சு விட வழியில்லாமல் ஐப்பசியில் வெண்பூஞ்சை பிடித்துவிட்டது. பலகையை எடுத்துவிட்டு இரண்டரை அங்குல இடைவெளியில் சட்டங்கள் அடித்த பிறகு அது திரும்ப வரவில்லை. மெத்தைக்கு 24,500 கொடுத்தவர்கள் தச்சருக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தயங்கக் கூடாது.

இந்த விலை எல்லோராலும் ஆகாது என்பது எனக்குத் தெரியும்; எங்கள் வீட்டிலும் சீட்டுப் பணம் வந்த மாதத்தில்தான் வாங்கினோம். குறைந்த செலவில் வேண்டுபவர்கள் 4 அங்குல நார் மெத்தை ஒன்றை வாங்கி, அதன் மேல் தனியாக விற்கும் 2 அங்குல லேடெக்ஸ் விரிப்பைப் பிறகு சேர்க்கலாம். அதுவும் முடியாதபோது ஃபோம் மெத்தைதான் என்றால், டென்சிட்டி 32க்குக் குறையாததைக் கேளுங்கள். ஒரு கன மீட்டரின் எடை கிலோவில் எவ்வளவு என்பதே அந்த எண். 40 கிடைத்தால் இன்னும் நல்லது. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு 5 அங்குலம் போதும். 80 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் 6 அங்குலத்துக்குக் குறைக்க வேண்டாம். ஒரே நிலையில் தூங்குபவர்கள், என் மாமியாரைப் போல, மெமரி ஃபோமிலேயே நிம்மதியாக இருக்கலாம்.

தலையணையையும் இதே கணக்கில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கும்போது தோள் உயரத்துக்குத் தலையணை வேண்டும்; குப்புறப் படுக்கும்போது அதே உயரம் கழுத்தைத் திருகிவிடும். ஃபோம் தலையணை ஒரே உயரத்தில் நிற்கும். அம்மா தைத்துக் கொடுத்த பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி, முக்கால் அளவுக்கு மட்டும் அடைத்து இரண்டு தலையணை தைக்கச் செய்தேன். தூக்கக் கலக்கத்திலேயே கையால் பஞ்சைத் தோள் பக்கம் ஒதுக்கினால் உயர்கிறது, தட்டிவிட்டால் தாழ்கிறது. மெத்தைக்குள் ஒதுங்கி ஒதுங்கி என்னைத் தொந்தரவு செய்த அதே குணம் இங்கே உதவுகிறது. மீந்த பஞ்சு ஒரு சாக்கில் பரணில் இருக்கிறது. அதில் மாமியாருக்கு ஒன்று தைக்கக் கொடுக்க வேண்டும்.